பத்து ரூபாய்க்கு வழியில்லை

ஜெர்மனியிலிருந்து நாலு வருஷம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று பதினாலு பேர், ஒரு வேன் பிடித்து சேலத்தைச் சுற்றினோம். அருங்காட்சியகம் வியாழக்கிழமையே முடிந்தது (ஜெர்மனியில் திங்கள் லீவு, நம்மூர் அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளி லீவு, அது மறந்துபோய் நான் போட்ட முதல் பிளானுக்கு அத்தை மகன் சிரித்த சிரிப்பு தனி). கோட்டை அழகிரிநாதர், கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த கிறிஸ்து ஆலயம், எல்லாம் சரி. சொல்ல வந்தது தாரமங்கலத்தில் செருப்பு விட்ட கதை.

கைலாசநாதர் கோயில் கோபுரத்தைப் போட்டோ எடுக்கிறேன் என்று பின்தங்கிவிட்டேன், மற்றவர்கள் உள்ளே போயாயிற்று. செருப்பு வைக்கும் அம்மாவிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன்.

"ஏனுங்க, பத்து ரூவாய்க்கு இதுக்கு நான் எங்க போறது? ஜிபே பண்ணிருங்க."

சணல் கயிற்றில் ஒரு க்யூஆர் அட்டை தொங்கியது, மூலையில் குங்குமப் பொட்டு. என் போனில் ஜெர்மன் நம்பர், ஜிபே கிடையாது. சரி, நோட்டை மாற்றலாமென்று தட்டுவடை செட் கடைக்குப் போனால் அங்கேயும் காசு வந்ததைச் சொல்லும் பேசும் டப்பா, கல்லாவில் சில்லறையே இல்லை. ஸ்டுட்கார்ட்டில் இன்றைக்கும் பேக்கரியில் காசு எண்ணிக் கொடுக்கிறவன் நான், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் பூட்டில் போடவென்றே ஒரு யூரோ பாக்கெட்டில் கிடக்கும். கோயிலுக்குக் கிளம்பினால் என் அம்மா எட்டணாக்களை முடிந்து எடுத்து வருவாரே, அந்தப் பழக்கம் எனக்கு அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, இங்கே ஊரை விட்டே போய்விட்டது.

திரும்பி வந்து கையைப் பிசைந்தேன். "விட்டுட்டுப் போங்க. செருப்பு இங்கதான இருக்குது, எங்க போயிரப் போறீங்க?" என்றார்.

உள்ளே, அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டிய மண்டபம். யாளி வாய்க்குள் உருளும், ஆனால் வெளியே எடுக்க முடியாத கல் பந்து, கல்லிலேயே சங்கிலி. ராமர் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான், வாலியிடமிருந்து பார்த்தால் ராமர் தெரிவதில்லை. எனக்கு எந்தத் தூணிலிருந்து பார்த்தாலும் அந்தப் பத்து ரூபாய்தான் தெரிந்தது.

பதிமூன்று பேரிடமும் கேட்டேன். பிள்ளைகள் எல்லாரிடமும் போன்தான், அதுவும் அந்த நேரம் பார்த்து டவர் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அத்தையின் சுருக்குப் பையிலிருந்து, வெற்றிலை வாசனையோடு, எட்டாக மடித்த ஒரு பத்து ரூபாய் வந்தது.

வெளியே வந்தால், மற்றவர்கள் செருப்பெல்லாம் வரிசையில் கிடக்க, என்னுடையதை மட்டும் தனியாக ஒரு சாக்கின் மேல் எடுத்து வைத்திருந்தார் அந்தம்மா. மரியாதைக்கா, அடமானத்துக்கா, நான் கேட்கவில்லை.