முதலில் ஜாக்கெட்டா, ஒட்டுத்துணிப் போர்வையா?

தையல் சொல்லித்தர ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் ஏழு வருடம் எல்லாரும் போகிற வழியில்தான் நானும் போனேன்: நூல் கோக்காமல் காகிதத்தில் மிஷின் ஓட்டிப் பழகுவது, அடுத்து ஜபலா, உள்பாவாடை, அப்புறம் ஜாக்கெட். கடைசி இரண்டு வருடமாக அந்த வரிசையை மாற்றி, காகிதம் முடிந்த கையோடு எல்லாரையும் ஒட்டுத்துணிப் போர்வையில் இறக்கிவிடுகிறேன், துணித்துண்டுகளைச் சேர்த்து அடுக்கித் தைக்கிற குவில்ட் என்கிறார்களே அதுதான். திண்டுக்கல் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் மாலை நேரத்தில் பெண்களுக்கும், சனிக்கிழமை காலையில் எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்கும் வகுப்பு நடக்கிறது, இரண்டிலும் இதே வரிசை. புதிதாக வகுப்பு தொடங்கப் போகிற இரண்டு பேர் எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்கள், அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் போர்வைப் பக்கம் சாய்ந்தவள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

துணிப்பையை முதலில் முடித்துவிடலாம். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கிய சமயத்தில் ஒரு குழுவுக்குப் பையில்தான் ஆரம்பித்தேன். ஒரே நாளில் முடிகிறது, வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு பொருள் இருக்கிறது, மனசுக்கு அது பெரிய தெம்பு. ஆனால் பக்கத்துக்கு ஒரு தையல், வாய் மடிப்பு, பிடி, அவ்வளவுதான் வேலை. இரண்டாவது பையில் புதிதாகக் கற்க ஒன்றும் இருக்காது. முதல் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

ஜாக்கெட்டின் பலம் வருமானம், இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெருவில் பத்து வீடு இருந்தால் பத்திலும் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கம் லைனிங் வைத்ததற்கு 300, 400 ரூபாய் கூலி போகிறது. வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே "ஜாக்கெட் எப்ப டீச்சர்?" என்று கேட்டுவிடுகிறார்கள். வீட்டுச் செலவுக்குக் கை கொடுக்கத்தானே பஸ் ஏறி வருகிறார்கள், கேட்கத்தான் செய்வார்கள்.

ஆனால் ஆரம்பத்திலேயே அதைக் கொடுக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். மார்புச் சுற்று, தோள், கைக்குழி, முன்கழுத்து இறக்கம் எல்லாம் சரியாக அளவெடுக்க வேண்டும். அதை வரைய வேண்டும், வெட்ட வேண்டும், உடம்பு வளைவுக்கு டக்ஸ் என்கிற மடிப்பு பிடிக்க வேண்டும், கழுத்துக்குக் கிராஸ் பீஸ், அதாவது மூலைவாட்டமாக வெட்டிய பட்டி, வைத்துத் திருப்ப வேண்டும், ஹூக் பட்டி வலது எது இடது எது என்று குழம்பாமல் வைக்க வேண்டும். முடித்துப் போட்டுப் பார்த்தால் தோள் இறங்குகிறது. அளவில் பிசகா, வரைந்ததிலா, வெட்டியதிலா, தைத்ததிலா? கற்றுக்கொள்கிறவருக்குத் தெரியாது, எனக்கே பல சமயம் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். இதில் இன்னொன்று, ஜாக்கெட்டில் பிற்பாடு பிரித்துவிடுவதற்காக உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைக்கிறோம். அந்தத் துணி நாம் கோணலாகத் தைத்ததையும் சேர்த்து மறைத்துவிடும். நேராகத் தைக்க வராமலே ஆறு மாதம் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர்கள் என் வகுப்பிலேயே உண்டு.

நான் வரிசையை மாற்றியதற்கு இதுகூடக் காரணமில்லை. தப்பு செய்தால் என்ன செலவாகிறது, அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் காரணம்.

ஒரு பெண், கல்யாணமாகி இரண்டு வருடம் ஆனவர், தன் அம்மா கொடுத்த சேலையோடு சேர்ந்து வந்த ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து வெட்டினார். ஏற்கெனவே மூன்று ஜாக்கெட் பழைய துணியில் தைத்துப் பார்த்தவர்தான். துணியை நல்ல பக்கமும் உள் பக்கமும் பார்த்து மடிக்காமல் தனித்தனியாகப் போட்டு வெட்டியதில் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கான கையாக வந்துவிட்டது. தையலில் எல்லாருக்கும் நடக்கிற தப்பு இது, எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் அந்தத் துணி சேலையிலிருந்து வெட்டியது, அதே நிறம் அதே கரை வேறு கடையில் கிடைக்காது. அவர் ஒன்றும் பேசவில்லை. துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார், மறுநாளிலிருந்து வரவில்லை. போன் செய்தபோது மாமியார்தான் எடுத்தார், "அதுக்கு வராதும்மா, விட்ருங்க" என்றார். நான் அந்தப் பெண்ணுக்கு ஆரம்பத்திலேயே ஜாக்கெட்டைக் கொடுத்திருக்கக் கூடாது. இன்றைக்கும் அந்த எண்ணம் போகவில்லை.

வீட்டிலிருந்து துணி எடுத்துவருகிற பெண் அந்தத் துணிக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பயத்தோடு கத்திரி பிடிக்கிற கை நேராகப் போகாது. கத்திரியை வைத்துவிட்டு "நீங்களே வெட்டிக் கொடுங்க டீச்சர், நான் தைச்சுக்கறேன்" என்பார்கள், நானும் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அப்படி வெட்டிக்கொடுத்தே படிப்பு முடிந்தவர்கள் கடைசிவரை வெட்டவே கற்றுக்கொள்வதில்லை.

போர்வைக்குத் துணி டெய்லர் கடையிலிருந்து மூட்டையாக வருகிறது, வெட்டிப் போட்ட டூ பை டூ ஜாக்கெட் துணித் துண்டு, லைனிங் துண்டு, சுங்குடி ஓரம். கேட்டால் சும்மாவே கொடுக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொண்டு, அதைத் துணிமேல் வைத்து சாக்கால் கோடு போட்டு வெட்ட வேண்டும். கோணலாக வெட்டினால்? இன்னொரு துண்டை எடுத்துக்கொள்ளலாம், கோணலானதைச் சின்னதாக்கி வேறு எதிலாவது வைக்கலாம். யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். முதல் நாள் வகுப்பில் கத்திரிச் சத்தமே மாறிப்போனது, அதைக் கேட்டபோதே எனக்குப் பாதி முடிவு தெரிந்துவிட்டது.

தப்புக்குச் செலவில்லை என்றால் அலட்சியம் வந்துவிடாதா என்று ஒரு தோழி கேட்டார். வராது, ஏனென்றால் போர்வையில் தப்பை மறைக்க முடியாது. வரிசைக்கு எட்டுச் சதுரம், அப்படி எட்டு வரிசை, மொத்தம் 64 துண்டு. தையலுக்குள் போக வேண்டியது கால் அங்குலம், நம் டெய்லர் கணக்கில் இரண்டு நூல். ஒருவர் அரை நூல் கூடுதலாகப் பிடித்துத் தைக்கிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு தையலிலும் இரண்டு துண்டிலும் அரை அரை நூல் போகும், ஆக ஒரு நூல். வரிசையில் ஏழு தையல், ஏழு நூல் குறையும். பக்கத்து வரிசையோடு வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் குட்டை. நான் வாயே திறக்க வேண்டாம், வரிசையே சொல்லிவிடும். அளவெடுப்பு கிடையாது, வரைபடம் கிடையாது, தப்பு வெட்டியதில் இருக்க வேண்டும் அல்லது தையலில் இருக்க வேண்டும். அட்டையைத் துண்டின் மேல் வைத்துப் பார்த்தால் எது என்று அவரே கண்டுபிடித்துவிடுவார். ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட் பக்கத்தில் தகட்டின் மேல் ஒரு டேப் ஒட்டி, துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போகிற மாதிரி வைத்துக்கொண்டாள். நான் சொல்லித்தரவில்லை. இப்போது எல்லா மிஷினிலும் அந்த டேப் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 64 சதுரத்தைச் சேர்ப்பதற்குள் ஏறக்குறைய 45 அடி நேர்த்தையல் போட்டு முடித்திருப்பார்கள், போர்வையை அடுக்கித் தைப்பது இதில் சேராது. மிஷினைக் காலால் மிதித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தக் கால் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. நேர் இழை குறுக்கு இழை வித்தியாசமும் இங்கேயே பிடிபடுகிறது, கிராஸாக வெட்டிய துண்டு தைக்கும்போதே இழுத்துக்கொண்டு போகும். பிறகு ஜாக்கெட் கழுத்துக்குக் கிராஸ் பீஸ் ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லாமல் போனது.

சில விஷயங்களை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். பாலியெஸ்டரையும் பருத்தியையும் கலக்க வேண்டாம், பருத்திக்கு வைக்கிற சூட்டில் மற்றது சுருங்கிவிடும். பனியன் துணி இழுபடும், முதல் போர்வைக்கு வேண்டவே வேண்டாம். சாயம் போகிற துணியை முன்பே அலசிக்கொள்ளுங்கள். ஒரு வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கம் தேய்த்தால் அடுத்த வரிசையை இடப்பக்கம் தேய்க்க வேண்டும், அப்போதுதான் மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு உட்காரும். உள்ளே பஞ்சு ஷீட் எல்லாம் நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை, பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து வைத்தால் போதும். அடுக்குகள் நகராமல் இருக்க நாலு விரலுக்கு ஒரு கச்சாத் தையல், அதாவது தற்காலிகத் தையல், கையால் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துக்கொண்டு வர வேண்டும். 14-ஆம் நம்பர் ஊசி திணறினால் 16 போடுங்கள்.

பெண்கள் வகுப்பில் எதிர்ப்பு வந்தது, அதையும் சொல்ல வேண்டும். "ஒட்டுப்போட்ட துணியத் தைக்கவா டீச்சர் இம்புட்டு தூரம் வர்றோம்?" என்று ஒருவர் கேட்டார், மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒட்டுத்துணி என்றால் இல்லாத வீட்டு அடையாளம் என்றுதானே நாம் வளர்ந்திருக்கிறோம். போனில் சில படங்கள் காட்டினேன். வட கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் இருக்கிற, ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி இனப் பெண்கள் பழைய துணியை வைத்து, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிக் கைத்தையலாலேயே தைத்துக்கொண்டு போகிற கவந்தி என்ற போர்வை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகள், 2002-ல் நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்தின் சுவரில் மாட்டப்பட்டவை, 2006-ல் அமெரிக்கத் தபால்தலையாக வந்தவை. பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், ஆனால் படம் மனதை மாற்றிவிடவில்லை. மாற்றியது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அறுபது வயது அம்மா ஒருவர் சொன்ன வார்த்தை: "எங்க அப்பத்தா பழைய சேலைய இப்படித்தான் அடுக்கித் தைப்பாக. நாங்க ஆறு பேரும் அதுலதான் படுத்து வளந்தோம்." அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் வகுப்புக்கு எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது, போர்வைதான். பதிமூன்று பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளை எல்லார் முன்னாலும் நிறுத்தி மார்புச் சுற்று அளவெடுத்துக் காட்டுவது அவர்களைக் கூசவைக்கிறது, எனக்கும் அது பிடித்ததில்லை. ஜாக்கெட் சொல்லித்தந்த வருடங்களில் ஒரு பையன்கூட எட்டிப்பார்த்ததில்லை. இப்போது பதினெட்டுப் பேரில் ஐந்து பேர் பையன்கள். கணக்கில் பின்தங்கிய ஒருவன் 64 துண்டை நிறம் மாற்றி மாற்றித் தரையில் அடுக்கிப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மற்ற பிள்ளைகள் கிளம்பிய பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை.

போர்வையின் குறைகளுக்கு வருகிறேன். நேரம் பிடிக்கும். வாரம் மூன்று மாலை வந்தாலும் ஐந்தாறு வாரம் ஆகிறது, நடுவில் இரண்டு பேர் சலித்துப்போய் நின்றுவிட்டார்கள். தேய்ப்புப் பெட்டி கட்டாயம் வேண்டும், கரண்ட் போனால் அன்றைய வகுப்பு பாதியில் நிற்கும். விற்பனையை நம்பி இதில் இறங்காதீர்கள்: பச்சைக் குழந்தைக்கு என்று நாலைந்து ஆர்டர் வந்தது உண்மை, ஆனால் உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி போட்டால் ஜாக்கெட்டின் பக்கத்தில்கூட வராது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் கீழ்நிலை, மேல்நிலை எழுதப் போகிறவர்களுக்கு நான் பாடம் எடுத்ததில்லை. அவர்களுக்குப் பாடத்திட்டத்தின் வரிசைதான் முக்கியம், இந்த யோசனை அவர்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

போர்வை முடித்துவிட்டு ஜாக்கெட்டுக்குப் போன பெண்கள் எப்படி? இரண்டு குழுவைத்தான் பார்த்திருக்கிறேன், மொத்தம் இருபத்திரண்டு பேர், அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான், "நீங்களே வெட்டிக் கொடுங்க" என்ற பேச்சு நின்றுவிட்டது. அளவெடுப்பதிலும் வரைவதிலும் பழையபடி திணறுகிறார்கள், அதற்குப் போர்வை எந்த உதவியும் செய்யவில்லை. ஆனால் தோள் இறங்கினால் தையலைச் சந்தேகப்படாமல் நேராக வரைந்த காகிதத்தை எடுத்துப் பார்க்கிறார்கள்.

கணவர் இல்லாமல், இரண்டு மாதத்தில் கையில் காசு பார்த்தாக வேண்டும் என்று ஒருவர் போன மாதம் வந்தார். அவரைப் போர்வையில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் அதே ஐந்து அங்குலத் துண்டுகளை வெட்டவும் சேர்க்கவும் வைத்து, கை நிதானப்பட்டதும் ஜாக்கெட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன், அதுவும் என் சொந்தச் செலவில் வாங்கிய லைனிங் துணியில். இப்போது நான்காவது ஜாக்கெட் தைக்கிறார்.

அவரைப் பார்த்த பிறகு பெண்கள் வகுப்பில் 64 சதுரம் அவசியமா என்று யோசிக்கிறேன். அடுத்த குழுவுக்கு வரிசைக்கு ஆறு, ஆறு வரிசை, 36 துண்டு என்று குறைக்கப் போகிறேன். 27 அங்குலம் வரும், தொட்டில் குழந்தைக்கு விரிக்கலாம், மூன்று வாரத்தில் முடிந்துவிடும். வரிசைக்கு ஐந்து தையல்தான் வரும், அரை நூல் பிசகினால் ஐந்து நூல் குறையும். அதுவும் கண்ணுக்குத் தெரிகிற குறைதான். பிள்ளைகளுக்கு மட்டும் 64 அப்படியே இருக்கட்டும், அவர்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.