பழைய லேப்டாப்புக்கு விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்ட்டா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அக்கா வீட்டு லேப்டாப் 2016-இல் வாங்கியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸரும் புதிதாக இருக்க வேண்டும். அதாவது, வேறு லேப்டாப் வாங்கவேண்டிய செலவு.

லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளம். இலவசம், 4 ஜிபி ராமிலேயே ஓடும். எனக்கு மிகவும் பிடித்தது, நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது. வைஃபை, பிரின்டர் வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பிரவுசர், ஆவணங்கள் எழுத லிப்ரே ஆபிஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் உண்டு.

சரி, டேலி? அது விண்டோஸுக்காகச் செய்தது. கடைக் கணக்கை டேலியில் எழுதும் மாமாவுக்கு விண்டோஸ்தான் சரி. அக்கா பிள்ளைகளின் படிப்புக்கு மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன்.