ஜாங்கோ ஓஆர்எம்: ஒரு ஃபீல்டை மாற்றச் சொன்னால்…

ரெக்கார்டை எடு, மதிப்பை மாற்று, சேவ் போடு. பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் ஜாங்கோவில் எல்லோரும் முதலில் கற்பது இதுதான். பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஆனால் இந்த சேவ் நீங்கள் தொட்ட ஃபீல்டோடு நிற்பதில்லை. டேபிளில் இருபது ஃபீல்டு இருந்தால் பிரைமரி கீ நீங்கலாக அத்தனையையும் குவெரியில் கட்டி அனுப்பிவிடும். எது மாறியது என்று கணக்கு வைத்துக்கொள்கிற பழக்கமே அதற்குக் கிடையாது. டேபிள்களைப் பைத்தான் ஆப்ஜெக்டுகளாகக் கையாள விடும் இந்த ஓஆர்எம்மின் பெரிய குறை இதுதான்.

மளிகைக் கடை ஒன்றின் சரக்கு டேபிள். விலை 120, இருப்பு 10. பில் போடும் புரோசஸ் ரெக்கார்டைப் படித்துவிட்டது. அதற்குள் அட்மின் பக்கத்தில் யாரோ விலையை 135 ஆக்குகிறார். பில்லிங், இருப்பை 7 ஆக்கி சேவ் போட்டதும் விலை பழையபடி 120. எரர் எதுவும் வராது.

சேவுக்கு, எந்த ஃபீல்டுகளை எழுதுவது என்று சொல்லும் அப்டேட்_ஃபீல்ட்ஸில் இருப்பை மட்டும் கொடுத்தால் விலை தப்பிக்கும். இருப்பு தப்பிக்காது. இரண்டு கவுண்டரும் 10 என்று படித்து ஒன்று 3, மற்றது 2 கழித்தால், மிஞ்ச வேண்டிய 5-க்குப் பதில் 7 அல்லது 8 நிற்கும். இதற்கு மருந்து எஃப் எக்ஸ்பிரஷன். குவெரிசெட் (ஃபில்டரில் சிக்கும் ரெக்கார்டுகளின் தொகுப்பு) அப்டேட்டில் எஃப்(இருப்பு) கழித்தல் 3 என்று எழுதினால் கணக்கை டேட்டாபேஸே போட்டுவிடும். ஃபில்டரில் 'இருப்பு 3-க்குக் குறையாமல்' என்றும் சேருங்கள். மாறிய ரெக்கார்டுகளின் எண்ணிக்கையாக அப்டேட் 0 என்று திருப்பித் தந்தால் சரக்கு இல்லை என்று பொருள். ஒரே குவெரியில் வேலை முடிகிறது. இங்கே ஜாங்கோவுக்கு முழு மதிப்பெண்.

அதே எஃப்-ஐ ஆப்ஜெக்டில் வைத்து சேவ் போடுவோர் கவனிக்க: 5.2 வரையான பதிப்புகளில் அது ஆப்ஜெக்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி சேவ் போட்டால் இன்னொரு 3 போய்விடும். நடுவில், மதிப்பை டேட்டாபேஸிலிருந்து மறுபடி படிக்கும் ரெஃப்ரெஷ்_ஃபிரம்_டிபி கட்டாயம்.

குவெரிசெட் அப்டேட்டுக்கும் ஒரு விலை உண்டு. சேவ் மெத்தடை அது கூப்பிடாது, சேவ் முடிந்ததை மற்ற கோடுக்குச் சொல்லும் போஸ்ட்_சேவ் சிக்னலும் கிளம்பாது. சிக்னலை நம்பி கேஷை (வேகத்துக்காக எடுத்து வைத்த நகலை) அழிப்பவர்களுக்குப் பழைய விலையே திரையில் தெரியும். சேவ் போடும்போதெல்லாம் தானாக மாறும் ஆட்டோ_நவ் தேதியும் நகராது, கையால் கொடுக்க வேண்டும். அப்டேட்_ஃபீல்ட்ஸில் சிக்னல் வரும். தேதி ஃபீல்டைப் பட்டியலில் சேர்க்காவிட்டால் அதுவும் பழைய தேதிதான்.

ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் வெவ்வேறு மதிப்பு என்றால் 2.2-இல் வந்த பல்க்_அப்டேட் இருக்கிறது. உள்ளே 'இந்த ரெக்கார்டு என்றால் இந்த மதிப்பு' என்று கேஸ்-வென் வரிசையாகப் போவதால் பத்தாயிரம் ரெக்கார்டை ஒரே மூச்சில் தள்ளினால் குவெரி ஊதிப்போகும். ஒரு தடவைக்கு எத்தனை என்று சொல்லும் பேட்ச்_சைஸ் 500 வைத்துப் பாருங்கள்.

முதல் 100 மட்டும் என்று ஸ்லைஸ் செய்த குவெரிசெட்டில் அப்டேட் போட்டால் டைப்எரர். ஐடிகளை லிஸ்ட்டாக எடுத்து ஃபில்டரில் கொடுங்கள். சப்குவெரியாகவே (குவெரிக்குள் குவெரியாக) விட்டால் லிமிட்டைப் பார்த்து மைஎஸ்கியூஎல் மறுத்துவிடும். பக்கத்து டேபிளின் ஃபீல்டை எஃப்-இல் தொட்டாலும் ஃபீல்ட்எரர்தான். அதற்கு, வெளி குவெரியின் ஃபீல்டைச் சுட்டும் அவுட்டர்ரெஃப் வைத்த சப்குவெரி.