முதல் வீடு: மானியமா, வைப்பு நிதியா, பதிவுச் சலுகையா?

முதல் வீடு வாங்குவோருக்கான உதவிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தொகை பத்திரப்பதிவுக்கு முன் கைக்கு வருமா, பின்னால் வருமா என்பதை அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய்க்குள் உள்ள ஒரு குடும்பம் 35 லட்சத்துக்கு ஓர் அடுக்ககம் பார்த்து வைத்திருப்பதாகக் கொள்வோம்.

2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0, நாட்டில் எங்கும் சொந்தமாகக் கல்வீடு இல்லாத இத்தகைய குடும்பத்துக்கு, கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் அளிக்கிறது. உச்ச அளவு 1.80 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுத் தவணைகளாக வருவதால், சராசரியாக மாதத்துக்கு 3,000 ரூபாய்தான். வீட்டு மதிப்பு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையில்தான் சிக்கல் இருக்கிறது. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனாக இருந்தால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே வருமானம் இடம்கொடுத்தால் இந்தக் குடும்பம் 30 லட்சம் வரை கேட்கலாம். மானியம் வேண்டுமென்றால் 25 லட்சத்தோடு நிற்க வேண்டும்; கைப்பணம் 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாகிவிடும். ஐந்தாண்டில் வரப்போகும் 1.80 லட்சத்துக்காக இன்றே 5 லட்சம் கூடுதலாகப் புரட்ட வேண்டியிருப்பதை விளம்பரப் பலகைகள் சொல்வதில்லை.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி இதற்கு நேர்மாறானது. அது சொந்தப் பணமே என்றாலும், முன்பணம் கட்டும் நாளிலேயே உதவுகிறது. 2025 அக்டோபரில் அதன் அறங்காவலர் குழு எடுத்த முடிவு, பணம் எடுக்கத் தேவையான சேவைக் காலத்தை 12 மாதமாகக் குறைத்து, 25 சதவீதத்தைக் குறைந்தபட்ச இருப்பாக விட்டுவைக்கச் சொல்கிறது. ஆனால் 2024-25இல் இந்த நிதிக்கு 8.25 சதவீத வட்டி கிடைத்தது. வீட்டுக் கடன் அதைவிடக் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும்போது, தேவைக்கு மேல் எடுப்பது நட்டம்.

அதிகம் பேசப்படாத சலுகை பத்திரப்பதிவுச் செலவில் இருக்கிறது. மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். கட்டுமான நிறுவனத்திடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் 50 லட்சம் வரையிலான புதிய அடுக்ககத்துக்கு, 2023 டிசம்பர் முதல் 6 சதவீதம். 35 லட்சத்தில் இந்த வேறுபாடு 1.05 லட்சம், காத்திருக்காமல், விண்ணப்பிக்காமல், பதிவன்றே மிச்சமாகும் தொகை. பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் ஒரு சதவீதக் குறைப்பு உண்டு என்றாலும், அது 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டுமே என்பதால் இந்தக் குடும்பத்துக்குப் பயன்படாது.

வருமான வரிச் சலுகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சொந்தக் குடியிருப்புக் கடன் வட்டிக்கு 2 லட்சம் கழிவு பழைய வரி முறையில்தான் கிடைக்கும். புதிய முறையிலோ 12 லட்சம் வரை சம்பாதிப்பவருக்கு வரியே இல்லை. முதல் வீடு வாங்குவோருக்குக் கடன் வட்டியில் கூடுதல் கழிவு தந்த, இன்னமும் சில தரகர்கள் எடுத்துக்காட்டும் 80ஈஈஏ பிரிவு, 2022 மார்ச்சுக்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களோடு முடிந்துவிட்டது.

ஆகவே என் வரிசையில் முதலில் நிற்பது புதிய அடுக்ககமும் 6 சதவீதப் பதிவும். அடுத்தது, முன்பணத்துக்குத் துண்டு விழும் அளவுக்கு மட்டும் வைப்பு நிதி. 10 லட்சம் கைப்பணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் மட்டுமே மானியத்தைக் கணக்கில் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தவர்கள் பின்னர் வைப்பு நிதியை எடுத்து அவசரமாகக் கடனை அடைக்கக் கூடாது. ஒவ்வொரு தவணை மானியமும் விடுவிக்கப்படும்போது அசலில் பாதிக்கு மேல் நிலுவையில் இருக்க வேண்டும்.