தாரஸ்தாயி பேச: மூச்சா, உதடா, புதுக் குழலா?

புல்லாங்குழல் கற்பவர்கள் தொடக்கத்தில் அவ்வளவாகப் புலம்புவதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பாடங்கள் எல்லாம் எப்படியோ ஓடிவிடும். மேல்ஸ்தாயி, அதாவது தாரஸ்தாயி, வரிசை வந்ததும்தான் வம்பு. தார ஷட்ஜம் தட்டுத்தடுமாறி வந்துவிடும், ரிஷபத்தில் காற்றுச் சத்தம் சேரும், காந்தாரம் கீச்சிடும், அதற்கு மேலே மத்யமமும் பஞ்சமமும் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. தருமபுரியிலும் ஓசூரிலும் குழல் பிடிக்கிறவர்களிடம் இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலமாக ஊதுகிறேன் என்பார் ஒருவர். உதட்டைச் சரிசெய்கிறேன் என்பார் இன்னொருவர். காலையில் எழுந்து மந்திரஸ்தாயி (கீழ்ஸ்தாயி) சாதகம் பண்ணினால் மேலே தானாக வரும் என்பார் மூன்றாமவர். நாலாமவர் குழல் வாங்க பெங்களூருக்கு பஸ் ஏறியிருப்பார்.

எது தேறும் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். கர்நாடகக் குழலில் மேலிரண்டு துளைகளை மூடினால் ஷட்ஜம். தார ஷட்ஜத்துக்கும் அதே இரண்டு துளைகள்தான். ஒன்றை மூடினால் ரிஷபம், எல்லாம் திறந்தால் காந்தாரம்; மத்திய ஸ்தாயியிலும் தாரஸ்தாயியிலும் அப்படியே. ஆக, காந்தாரம் வரைக்கும் விரலுக்கு இதில் புது வேலை எதுவும் இல்லை. உதட்டிலிருந்து கிளம்பும் காற்று ஊதும் துளையின் எதிர் விளிம்பில் போய் மோதுகிறதே, அந்தச் சின்ன இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது. ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வு இரண்டு மடங்காகிறது. அதற்கு ஈடாகக் காற்று அந்த இடைவெளியை ஏறக்குறைய பாதி நேரத்தில் கடக்க வேண்டும். வேகத்தைக் கூட்டலாம், அல்லது தூரத்தைக் குறைக்கலாம்.

வேகத்தை மட்டுமே நம்புகிறவர் முதல் கட்சி. காற்றின் வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் வாய்க்குள் அழுத்தம் நாலு மடங்காக வேண்டும்; இது சாதாரண இயற்பியல் கணக்கு. கன்னம் உப்புவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் இதனால்தான். ஸ்வரம் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உரக்க மட்டும்தான் வரும், சுருதியும் ஏறிவிடும். பல்லவியில் பூப்போல வந்த ராகம் அனுபல்லவியில் தார ஷட்ஜத்தைத் தொட்டதும் அதட்டல் போடும். இந்த வழிக்கு ஒரே ஒரு நன்மை உண்டு: முதல் நாளே பலன் தெரியும். அதனாலேயே பலர் இதில் தங்கிப்போகிறார்கள்.

உதட்டுக்காரர்களின் கட்சி வேறு. உதடுகளுக்கு நடுவில் இருக்கும் திறப்பைச் சிறியதாக்கி, கீழ் உதட்டைத் துளையின் மேல் இன்னும் கொஞ்சம் நகர்த்தி, விளிம்புக்கும் உதட்டுக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பார்கள். காற்று குறைவாகவே செலவாகும், ஒலி மெலிந்து தெளியும். இதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. துளையை அதிகம் மூடினால் சுருதி இறங்கும். ஸ்வரம் வந்திருக்கும், ஆனால் மூக்கடைத்த மாதிரி. குழலைத் தன் பக்கம் உருட்டிப் பழகியவர்களிடம் இதை அடிக்கடி கேட்கலாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை அங்கேயே கிடைக்கிறது. பலமாக ஊதினால் சுருதி ஏறுகிறது, துளையை மூடினால் இறங்குகிறது. கொஞ்சம் வேகம், கொஞ்சம் நெருக்கம் என்று பங்கு போட்டுக்கொண்டால் ஒன்றின் பிழையை மற்றது சரிக்கட்டும். என் கணிப்பில் முக்கால் பங்கு வேலை உதட்டுடையது, மிச்சம்தான் மூச்சுடையது. உதட்டை இறுக்குவது என்றால் சிரிப்பதுபோல் பக்கவாட்டில் இழுப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதுதான் தொல்லை. இழுத்த உதடு தட்டையாகி, திறப்பு அகலவாட்டில் நீண்டுவிடும். வாயின் இரு ஓரங்களையும் லேசாக உள்ளே கூட்டி, நடு உதட்டைத் தளர்வாக விட வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து ஊதிப் பாருங்கள். சூடான டீயை ஆற்றுகிற மாதிரி, சில்லென்று ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் காற்று பட்டால் சரி. கை முழுக்க வெதுவெதுப்பாகப் பட்டால் அந்தக் காற்று தார காந்தாரத்துக்கு ஏறாது.

அப்புறம் மந்திரஸ்தாயி சாதகம். பெரியவர்கள் சொல்லிவந்த வழி. கீழே நீளமாக ஊதி ஊதி மூச்சு நிற்கும், தொனி கனக்கும், உதடு தளரும். இதில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை, கீழ்ஸ்தாயி வாடியவருக்கு மேல்ஸ்தாயியும் வாடித்தான் இருக்கும். ஆனால் கீழே செய்த சாதகம் மேலே தானாக ஏறிவிடும் என்பதை நம்ப முடியவில்லை. மேலே ஏறும்போது உதட்டில் நடக்க வேண்டிய அந்தச் சின்ன நகர்வு இந்தச் சாதகத்தில் ஒருமுறைகூட நடப்பதில்லையே.

இதற்குப் போட்டியாக நான் சொல்வது ஜோடி ஸ்வரச் சாதகம். மந்திர பஞ்சமத்தை ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் (எட்டு எண்ணிக்கை) ஊதுங்கள். மூச்சை விடாமல், விரலை அசைக்காமல், நாக்கால் தட்டாமல் மத்திய பஞ்சமத்துக்கு ஏறுங்கள். அதே மூச்சில் திரும்பி இறங்குங்கள். இறங்குவதுதான் கஷ்டம், அதை விட்டுவிடாதீர்கள். அடுத்து தைவதம், நிஷாதம், ஷட்ஜம் என்று ஒவ்வொரு ஜோடியாகப் போய், தார காந்தாரம் வரை. எங்கே உடைகிறதோ அங்கே நின்று, அதற்கு ஒரு ஸ்வரம் கீழே நன்றாக வரும் ஜோடியிலேயே உழையுங்கள். ஏறுவது பழகிய பிறகு தார ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எவ்வளவு மெல்ல ஊதியும் கீழே விழாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் தேர்ச்சி. உரக்க ஊதி எட்டிய தார பஞ்சமத்தைவிட, பக்கத்து அறையில் தூங்குகிற குழந்தை எழாமல் ஊதிய தார ஷட்ஜம் உசத்தி. காந்தாரத்துக்கு மேலே மத்யமம், பஞ்சமத்துக்கு விரல் பிடிப்பு குழலுக்குக் குழல் மாறும். அதை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

குழலை மாற்றும் கட்சியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. ஒரே ஸ்வரத்துக்கு உள்விட்டம் பெருத்த குழல் கீழே கனமாகப் பேசும், மேலே ஏற அடம்பிடிக்கும். ஒல்லியான குழல் நேரெதிர். குழல் மேதை டி.ஆர். மகாலிங்கத்தின் (1926–1986) சீடரான என். ரமணி (1934–2015) நீளமான குழல்களைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர். அந்தக் கனமான நாதத்தைக் கேட்டுவிட்டு ஆரம்பத்திலேயே இரண்டரைக் கட்டைக் குழல் (கட்டை குறைந்தால் சுருதி இறங்கும், குழல் நீளும்) வாங்கி, விரலும் எட்டாமல் மேல்ஸ்தாயியும் எட்டாமல் திணறுகிறவர்கள் உண்டு. ஐந்து கட்டைக் குழலில் பழகிவிட்டு அதற்குப் போகலாம், அவசரமில்லை. தக்கை வைத்து அடைத்த குழலானால் தக்கையை ஊதும் துளைக்குக் கொஞ்சம் நெருக்கினால் மேல்ஸ்தாயியின் சுருதி சற்று ஏறும், இழுத்தால் இறங்கும். மூங்கில் கணுவே அடைப்பாக இருக்கும் குழலில் அந்த வசதி கிடையாது. வெயில் காலத்தில் விழும் மயிரிழை வெடிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று கசியும் குழலோடு உதடு எவ்வளவு மல்லுக்கட்டினாலும் வீண்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் குளிர். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். அதோடு குழலின் சுருதியும் ஏறும். மே மாதம் தருமபுரியில் மதியம் சுருதிப்பெட்டியோடு ஒட்டிப்போன குழல், மார்கழியில் ஓசூர் விடியலில் இறங்கிப்போய் நிற்கும். பெட்டி தானாக இறங்காது. வாசிப்பவர் தன்னை அறியாமல் பலமாக ஊதிச் சுருதியை ஏற்றுவார். மத்திய ஸ்தாயி எப்படியோ ஒப்பேறும், தாரஸ்தாயி கத்தும். மேல்ஸ்தாயி போய்விட்டது என்று பதறாமல், எல்லாத் துளைகளையும் மூடி வாயால் வெதுவெதுவென்று கொஞ்ச நேரம் ஊதிக் குழலைச் சூடேற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் சுருதிப்பெட்டியைக் குழலுக்கு ஏற்ப இறக்கிக்கொள்ளுங்கள்.

குழல் வாங்கியே தீருவேன் என்றால், முதலில் உங்கள் பழைய குழலை நன்றாக வாசிக்கும் ஒருவரிடம் கொடுத்து, தார காந்தாரத்தை மெல்ல ஊதச் சொல்லுங்கள். அவருக்கு வந்தால் பணம் மிச்சம். அவருக்கும் வராவிட்டால் கடைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.