சூப்பர் ஹீரோ வசனங்கள் வழியே ஆங்கிலம்: ஒரு பாடத்தொகுப்பின் மதிப்பாய்வு

சூப்பர் ஹீரோ திரைப்படங்களின் வசனங்களைக் கொண்டு ஆங்கிலச் சொற்களையும் இலக்கணத்தையும் கற்பிக்கும் காணொளிப் பாடத்தொகுப்பு ஒன்றை முழுமையாகப் பார்த்து முடித்தேன். ஒவ்வொரு பாடமும் ஒரே ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, அதைக் காட்சியோடு கேட்க வைத்து, சொல் சொல்லாகப் பிரித்து விளக்கி, பிறகு அதே அமைப்பில் நம்மையே புதிய வாக்கியங்களை எழுதச் செய்கிறது. விதியை முதலில் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டைப் பின்னர் தேடும் இலக்கண நூல்களைவிட இம்முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாக்கியம் ஏற்கெனவே நாவில் இருப்பதால், விதியைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதில்லை.

2002-இல் வெளிவந்த ஸ்பைடர்மேன் படத்தின் 'வித் கிரேட் பவர் கம்ஸ் கிரேட் ரெஸ்பான்சிபிலிட்டி' என்ற வசனத்துக்கான பாடம் இதற்கு நல்ல சான்று. இதில் 'பவர்' என்பதையே எழுவாய் என்று பலரும் எண்ணக்கூடும். ஆனால் அது 'வித்' என்ற முன்னிடைச்சொல்லைச் சார்ந்து நிற்பதால் எழுவாய் ஆக முடியாது என்பதையும், வினைக்குப் பின்னால் வரும் 'ரெஸ்பான்சிபிலிட்டி'யே எழுவாய் என்பதையும், அது ஒருமையாக இருப்பதாலேயே 'கம்ஸ்' என்ற வடிவம் வந்தது என்பதையும் ஆசிரியர் அவசரமின்றி நிறுவுகிறார். 2008-இல் வந்த தி டார்க் நைட் படத்தில் ஹார்வி டென்ட் பேசும் வசனத்திலிருந்து 'லாங் எனஃப்' என்ற தொடரை எடுத்து விளக்கும் பகுதி இன்னும் சிறப்பானது. தமிழில் 'போதுமான' என்ற அடைமொழி முன்னால் வந்தே பழகிய நமக்கு, ஆங்கிலத்தில் 'எனஃப்' பெயரடையையோ வினையடையையோ தழுவும்போது அதற்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது எளிதில் படிவதில்லை. அந்த ஒரு வசனம் நினைவில் இருந்தால் போதும், தயக்கம் நீங்கிவிடுகிறது.

சொல்வளப் பகுதி சுமார்தான். நடைவேறுபாட்டைக் கவனிக்காதது அதைவிடப் பெரிய குறை. முதல் படங்களில் தோர் பேசும் பழமை தோய்ந்த ஆங்கிலமும், சண்டைக்கு நடுவே கத்தப்படும் 'கான்னா', 'வான்னா' போன்ற பேச்சுவழக்குச் சுருக்கங்களும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அடுத்தடுத்துக் கற்பிக்கப்படுகின்றன. முன்னதை நண்பரிடமும் பின்னதை விண்ணப்பக் கடிதத்திலும் பயன்படுத்தினால் பொருந்தாது என்பதைத் தொடக்கநிலை மாணவருக்கு யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? கட்டளை வாக்கியங்களும் நிபந்தனை வாக்கியங்களும் இவ்வகைப் படங்களில் நிறைந்திருப்பதால் அவற்றுக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது. செயப்பாட்டு வினைக்கும் அயற்கூற்றுக்கும் பாடங்கள் மிகக் குறைவு. மேலும், திரையின் அடியில் ஓடும் எழுத்து, படிக்கும் வேகத்துக்கு ஏற்பச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருப்பதால், காதில் விழுவதும் கண்ணில் படுவதும் வேறுபடுகின்றன.

காலங்களின் அடிப்படையை அறிந்து, பேசும்போது மட்டும் வாக்கியம் அமைக்கத் தடுமாறுபவர்களுக்கு இத்தொகுப்பை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். எழுத்துத் தேர்வுக்குத் தயாராகுபவர்கள் இதனுடன் ஓர் இலக்கண நூலையும் வைத்துக்கொள்வது நல்லது.