கேப் டிரைவரிடம் இங்கிலீஷ் பேசிப் பார்த்த ஒன்றரை வருஷம்

வேலைக்குப் போவது மெட்ரோவில். 2021-ல் விம்கோ நகர் வரை நீட்டிய பிறகு தண்டையார்பேட்டையிலிருந்து கிண்டி ஒரே ரயில். ஷிப்ட் முடிவது இரவு பதினொன்றரைக்கு, அப்போது ரயில் இருக்காது, கேப்தான். அதுவும் "டிராப் எங்க சார்?" என்று போன் வரும், தண்டையார்பேட்டை என்றதும் கேன்சல் ஆகும். மூன்றாவது வண்டி பெரும்பாலும் வந்துவிடும்.

ஆபீசில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலை. பில், புகார் எல்லாம் இங்கிலீஷில் சமாளித்துவிடுவேன். மழை, வார விடுமுறை என்று சும்மா பேசும் முதல் அரை நிமிஷத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பயிற்சி கொடுத்தவர், "தினம் கேப்ல போறீங்க இல்ல? டிரைவர்கிட்ட பேசிப் பழகுங்க" என்றார்.

முதல் நாள், "ஹவ் இஸ் யுவர் டே கோயிங்?" என்றேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ரூட் மாத்தணுமா சார்?" என்றார். இன்னொருவர் எஃப்எம்மை அணைத்துவிட்டு, வீடு வரும்வரை யெஸ் சார், நோ சார் மட்டும்தான். ஏதோ புகார் எழுதப் போகிறேன் என்று நினைத்திருப்பார். தமிழில் "சவாரி எப்படிண்ணே போவுது?" என்று கேட்டால் டீசல் விலை, கமிஷன், பையனின் காலேஜ் ஃபீஸ் வரை கொட்டுகிற ஆட்கள், அதையே "பிஸி டுடே?" என்றால் "குட் சார்" என்று முடித்துவிடுவார்கள்.

நாலு மாசம் கழித்துத்தான் உறைத்தது, தப்பு அவர்கள் மேல் இல்லை. லண்டன் டாக்சியில் ஏறுகிறவர் "பிஸியா?" என்று கேட்பது கணக்குக் கேட்க அல்ல. "நாட் டூ பேட்" என்றால் இரண்டு பேருக்கும் போதும். நாம் "சாப்டீங்களா?" என்பது மாதிரிதான், என்ன குழம்பு என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதுவரை "ஹவ் ஆர் யூ?" என்ற வாடிக்கையாளர்களிடம் அம்மாவின் முட்டி வலியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தினேன். இந்தப் பழக்கத்தில் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

நன்றாகப் பேசியது ஒருவரோடு. காசிமேட்டில் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் டிரெய்லர்கள் வரிசையில் நிற்க, இருபது நிமிஷம் வண்டி நகரவில்லை. கத்தாரில் ஆறு வருஷம் ஓட்டியவராம். "பேசுங்க சார், எனக்கும் விட்டுப்போச்சு" என்றார். புது வண்ணாரப்பேட்டைக்காரர், பேச்சு கேரமுக்குப் போனது. அதே பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கியதை இங்கிலீஷிலேயே சொன்னார். யோசித்தால் கேரமில் எல்லாமே இங்கிலீஷ்தான்: ஸ்ட்ரைக்கர், ரெட், ஃபாலோ, ஃபைன். "ஃபர்ஸ்ட் ரெட், தென் ஃபாலோ, மேட்டர் ஓவர்" என்று ஸ்டீயரிங் மேல் விரலால் சுண்டிக் காட்டினார். இலக்கணம் பார்த்தால் என்னுடையது மேல். ஆனால் அவர் ஓரிடத்திலும் தடுமாறவில்லை, நான் "ஹேஸ்"ஸா "ஹேவ்"வா என்று முழித்தேன்.

அவரே இன்னொன்றும் சொன்னார்: "பாசஞ்சர் போனைப் பார்த்தார்னா நாம கப்சிப்." அமெரிக்காவில் ஊபர் 2019-ல் விலை கூடிய வண்டிகளுக்கு, பேச்சு வேண்டாம் என்று பயணி முன்பே குறித்துவைக்கும் வசதி கொண்டுவந்தது. இங்கே எனக்குத் தெரிந்து அந்த வேலையை டிரைவர் காதிலிருக்கும் ப்ளூடூத் செய்கிறது. காலையிலிருந்து ஓட்டிக் களைத்த மனுஷனிடம் நடுராத்திரி இலவச டியூஷன் கேட்பது நியாயமும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. அப்பா வயதுக்காரரை மொட்டையாக "யூ" என்று கூப்பிட வாய் வரவில்லை. "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் டிரைவிங்-ணா?" என்றுதான் வருகிறது. பயிற்சி கொடுத்தவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

இப்போது ஏறியதும் ஓடிபி சொல்லி, சவாரி பற்றித் தமிழில் கேட்பேன். பேச்சு ஓடினால், "கொஞ்சம் இங்கிலீஷ்ல பேசிப் பார்க்கலாமாண்ணே?" என்பேன். பத்துப் பேரில் ஒருவர் சரி என்பார். மீதிப் பேரோடு வீடு வரும்வரை தமிழ்தான்.